கண்ணும் பொத்தானும்

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கிறது இலஞ்சி. சாரல் காலத்தில் அருவிக்குப் போகிறவர்கள் குமாரர் கோயிலையும் வயல்களையும் வண்டியின் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்; இறங்குகிறவர்கள் சிலரே. அந்த ஊரில் என் அத்தை, அப்பாவின் கூடப்பிறந்த தங்கை, தனியாக இருக்கிறாள். வயது எழுபத்தெட்டு. மாமா காலமான பிறகு வருகிற குடும்பப் பென்ஷனில் ஜீவனம். தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பாள். மனக்கணக்கில் என்னைப்போல் நாலு பேரைத் தோற்கடிப்பாள்.

2024 மார்ச் மாதத்தில் ஒரு நாள் அவளை அழைத்துக்கொண்டு பணம் எடுக்கும் இயந்திரத்துக்குப் போனேன். அது எந்த வங்கியுடையது, எந்தத் தெருவில் இருந்தது என்பதெல்லாம் இங்கே வேண்டாம். அதுவரை பக்கத்து வீட்டுப் பையன்தான் மாதாமாதம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவன் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். இனிமேல் அத்தையே எடுக்கப் பழகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவன் நான்.

அந்தக் கண்ணாடி அறைக்குள் நடந்தது இதுதான். அத்தை அட்டையைச் சொருகினாள். திரையில் மூன்று பாஷைகளின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தன. திரைக்குப் பக்கத்தில், சட்டத்தின்மேல், பொத்தான்கள் வரிசையாக இருந்தன.

"தமிழுக்கு நேரா இருக்குல்லா, அந்தப் பொத்தானை அமுக்குங்க அத்தை" என்றேன்.

அமுக்கினாள். இங்கிலீஷ் வந்தது. முதலிலிருந்து ஆரம்பித்தோம். மறுபடியும் இங்கிலீஷ். மூன்றாம் தடவை நானே தமிழை அமுக்கிக் கொடுத்தேன். அடுத்த பக்கத்தில், பணம் எடுக்கும் பொத்தானுக்குப் பதிலாகக் கையிருப்பைக் காட்டும் பொத்தானை அமுக்கினாள். அதற்குள் அவளுக்குப் பதற்றம் கண்டுவிட்டது. ரகசிய எண்ணைத் தப்பாகப் போட்டாள். பிறகு யோசித்து யோசித்துப் போடுவதற்குள் நேரம் கடந்துவிட்டது என்று இயந்திரம் அட்டையைத் துப்பியது. பின்னால் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருவர், கெட்டவர் என்று சொல்லமாட்டேன், அவசரக்காரர், "பெரியவங்களை எல்லாம் ஏன் சார் இங்க கூட்டிட்டு வாறீங்க?" என்றார். மூன்றாம் முறையும் எண் தவறியதும் அட்டை அன்றைக்கு முடங்கிப்போயிற்று.

வெளியே வந்ததும் நான் அத்தையைக் கடிந்துகொண்டேன். "கண்ணு முன்னால எழுதியிருக்கு. அதைப் பாத்து அமுக்க முடியாதா?" என்று கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. முந்தானையால் அட்டையைத் துடைத்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டாள். வீட்டுத் தெரு முக்குத் திரும்பும்போது, "எனக்குத்தான்யா புத்தி மழுங்கிப் போச்சு. நாலு பேருக்கு முன்னால உன்னையும் தலைகுனிய வச்சிட்டேன்" என்றாள்.

மறுநாள் என் பணத்தை எடுக்க அதே இயந்திரத்துக்குப் போனேன். ரசீது கைதவறிக் கீழே விழுந்தது. அதை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தவன், பாதி நிமிர்ந்த நிலையில், ஏறத்தாழ அத்தையின் உயரத்துக்கு என் கண் வந்த இடத்தில், தற்செயலாகத் திரையைப் பார்த்தேன். அப்படியே நின்றுவிட்டேன். தமிழ் என்ற எழுத்து இங்கிலீஷ் பொத்தானுக்கு நேராக இருந்தது.

நிமிர்ந்து பார்த்தேன், தமிழ் தன் இடத்துக்குப் போய்விட்டது. குனிந்தேன், ஒரு பொத்தான் இறங்கிவிட்டது. காரணம் எளியது. திரை உள்ளே தள்ளி இருக்கிறது, தடித்த கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் பின்னால். பொத்தான்கள் முன்னால் இருக்கின்றன. உயரமானவன் பார்க்கும்போது எழுத்தும் பொத்தானும் ஒரே கோட்டில் நிற்கும். குட்டையானவள் கீழிருந்து அண்ணாந்து பார்க்கும்போது எழுத்து ஒரு படி கீழே இறங்கித் தோன்றும். தராசு முள்ளைப் பக்கவாட்டில் நின்று பார்க்கிறவனுக்கு எடை தப்பாகத் தெரிவதில்லையா, அதே சங்கதி. பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதற்கு இடமாறு தோற்றப் பிழை என்று பெயர் போட்டிருப்பார்கள்.

ஆகவே அத்தை சரியாகத்தான் அமுக்கியிருக்கிறாள். அவள் கண்ணுக்குத் தமிழுக்கு நேராக எது இருந்ததோ அதைத்தான் அமுக்கினாள். பொய் சொன்னது இயந்திரம். நம்பினவள்மேல் குற்றம் சாட்டினவன் நான். குற்றத்தை ஒப்புக்கொண்டவளோ அவள்.

அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஒரு கருவியின் முன்னால் ஒரு மனிதன் தவறு செய்தால், அந்தத் தவறு யாருடையது?

கைதானே தவறியது, ஆகவே கைக்கு உடையவன்தான் பொறுப்பு என்று சொல்லிவிடலாம். உலகம் வெகுகாலம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டாவது உலக யுத்தத்தில் பி-17 என்ற அமெரிக்க குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு ஓடுபாதையிலேயே வயிறு தரையில் படப் படுத்துவிடும். விமானி இறக்கையின் மடல்களை மடக்க நினைத்துச் சக்கரங்களை மடக்கிவிடுவான். விசாரணைக் காகிதங்களில் 'விமானியின் தவறு' என்று எழுதிக் கட்டுக் கட்டினார்கள். 1943 வாக்கில் அல்போன்ஸ் சபானிஸ் என்ற மனோதத்துவ நிபுணர் விமானத்துக்குள் ஏறிப் பார்த்தார். சக்கரத்துக்கான விசையும் மடலுக்கான விசையும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே அச்சில் வார்த்தமாதிரி இருந்தன. வேறு ரக விமானங்களை ஓட்டியவர்கள் இந்தத் தவறைச் செய்யவே இல்லை என்பதையும் கவனித்தார். சக்கர விசையின் நுனியில் ஒரு சின்ன ரப்பர் சக்கரத்தையும், மற்றதில் மடல் போன்ற ஒரு ஆப்பையும் பொருத்தச் சொன்னார். இருட்டில் தொட்டாலே தெரியும். அந்தத் தவறு நின்றுபோயிற்று. விமானிகளின் புத்தி ஒரே வாரத்தில் கூர்மையாகிவிட்டதென்றா அர்த்தம்?

யுத்தம் முடிந்த பிறகு 1947இல் பால் ஃபிட்ஸ் என்பவரும் ஜோன்ஸ் என்பவரும் 'விமானியின் தவறு' என்று பெயர் வாங்கிய 460 அனுபவங்களைச் சேகரித்து ஆராய்ந்தார்கள். வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு இடங்கள். ஆனால் தவறுகள் மட்டும் குறிப்பிட்ட சில விசைகளைச் சுற்றியே கூட்டம் கூடி நின்றன. இதில்தான் எனக்கு ஒரு வெளிச்சம் கிடைத்தது. ஒருவர் ஓரிடத்தில் தடுக்கி விழுந்தால் அவர் கவனத்தைச் சந்தேகிக்கலாம். வருகிறவர் போகிறவர் எல்லோரும் அதே இடத்தில் தடுக்கி விழுந்தால் கல்லைத்தான் பார்க்கவேண்டும்.

இதே ஃபிட்ஸ் 1954இல் இன்னொன்றும் செய்தார். எட்டத்தில் இருக்கிற சிறிய குறியைத் தொடக் கைக்கு நேரமாகும், கிட்டத்தில் இருக்கிற பெரிய குறியைச் சீக்கிரம் தொடலாம் என்பதற்கு ஒரு கணக்குச் சூத்திரம் கண்டுபிடித்தார். இது எங்கள் பாட்டிக்கே தெரியுமே என்பீர்கள். தெரியும்தான். ஆனால் பாட்டிக்குத் தெரிந்தது பொத்தான் செய்கிற தொழிற்சாலைக்குத் தெரியவேண்டுமானால் அது கணக்காக மாறித்தான் ஆகவேண்டும் போலிருக்கிறது.

கண்ணைப்பற்றியும் இப்படி எத்தனையோ கண்டிருக்கிறார்கள். கையை நீட்டிக் கட்டைவிரலைப் பாருங்கள். அந்த நகம் அடைக்கிற அளவு இடம்தான் ஒரு சமயத்தில் நம் கண்ணுக்குக் கூர்மையாகத் தெரிவது. மற்றதெல்லாம் மங்கல். கண் ஓயாமல் தாவித் தாவிப் பார்த்து, மூளை அதைத் தைத்துத் தைத்து ஒரு முழு உலகமாகக் காட்டுகிறது. அறுபது வயதானவரின் விழித்திரையில் விழுகிற ஒளி இருபது வயதுக்காரருக்கு விழுவதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். அத்தைக்கு எழுபத்தெட்டு. அவள் நின்ற கண்ணாடி அறைக்கும் நான் நின்ற கண்ணாடி அறைக்கும் வெளிச்சம் ஒன்றல்ல.

சென்னையில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார், இஞ்சினீயர். அவரிடம் இதைச் சொன்னபோது அவர் விட்டுக்கொடுக்கவில்லை. "எல்லோருடைய உயரத்துக்கும் ஒரு இயந்திரம் செய்யமுடியுமா? சராசரி ஆளை வைத்துத்தான் செய்யமுடியும்" என்றார். நியாயமான பேச்சாகத்தான் பட்டது. பிறகு படித்தேன்: 1950இல் அமெரிக்க விமானப் படைக்காக கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளைஞர் 4,063 விமானிகளின் அளவுகளை எடுத்து, உயரம், மார்பு, கை நீளம் என்று பத்து அளவுகளிலும் சராசரியாக இருப்பவர் எத்தனை பேர் என்று தேடினாராம். ஒருவர்கூட இல்லை. சராசரி மனிதனுக்காகச் செய்த ஆசனம் யாருக்கும் பொருந்தாத ஆசனமாக இருந்தது. அதற்கப்புறம்தான் நகர்த்திக்கொள்ளக்கூடிய ஆசனங்கள் வரத் தொடங்கின.

நண்பரின் இரண்டாவது வாதம் இதைவிடப் பலமானது. "குற்றமெல்லாம் செய்தவன்மேல் என்று சொல்லிவிட்டால் உபயோகிக்கிறவன் எதிலும் கவனம் வைக்கமாட்டான். கவனம் என்பதும் ஒரு தர்மம்தானே?" என்றார். இதை நான் மறுக்கமாட்டேன். சைக்கிளில் போகிறவன் பாதையைப் பார்த்துத்தான் போகவேண்டும். ஆனால் கவனிக்கச் சொல்கிறவர்கள் பெரும்பாலும், கவனித்துக்கொண்டிருப்பவனைப் பார்த்துத்தான் சொல்லுகிறார்கள். அத்தையைவிடக் கவனமாக அந்த இயந்திரத்தின் முன்னால் அன்று யாரும் நின்றிருக்கமாட்டார்கள். நான் அலட்சியமாகத்தான் அமுக்கினேன். எனக்குச் சரியாக வந்தது.

எழுத்தாளர்கள் நாங்களும் இதில் யோக்கியர்கள் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். "உங்கள் நாவலில் ஐம்பதாம் பக்கம் எனக்குப் புரியவில்லை" என்று ஒரு வாசகி எழுதினால், உடனே நம் மனசுக்குள் அவளுக்கு ரசனை போதாது என்றுதான் தோன்றுகிறது. அதே பக்கம் புரியவில்லை என்று நாலு கடிதம் வந்தபிறகும் அப்படித் தோன்றியிருக்கிறது எனக்கு. கல்லூரிப் பட்டம் வாங்காதவன் நான். பெரிய புத்தகங்களின் முன்னால் எனக்குத்தான் மூளை போதாது என்று வெட்கப்பட்ட நாட்கள் உண்டு. அந்தப் புத்தகங்களில் பாதி வெறுமனே மோசமாக எழுதப்பட்டவை என்று கண்டுகொள்ள இருபது வருஷம் ஆயிற்று.

இந்த வெட்கம்தான் விஷயம். பழைய நாளில் வங்கிக் கவுண்டரில் குமாஸ்தா கணக்கைத் தப்பாகப் போட்டால் அத்தை விடமாட்டாள். அவர் எண்ணிக் கொடுத்ததை அங்கேயே நின்று எண்ணி, "பத்து ரூவா கொறையுதே அய்யா" என்பாள். அவருக்கு முகம் இருந்தது; சண்டை போட இடம் இருந்தது. இயந்திரத்துக்கு முகம் இல்லை. அது கோபிப்பதில்லை, முகம் சுளிப்பதில்லை, நேரம் கடந்துவிட்டது என்று மரியாதையாகச் சொல்கிறது. எதிரே சண்டைக்கு ஆள் இல்லாதபோது மனிதன் தன்னோடேயே சண்டை போட்டுக்கொள்கிறான். 1988இல் டொனால்ட் நார்மன் அன்றாடப் பொருள்களின் மனோதத்துவத்தைப்பற்றி ஒரு புத்தகம் எழுதினார். தள்ளவேண்டிய கதவில் இழுக்கிற கைப்பிடியை வைத்துவிட்டு, இழுத்தவனை அசடாக்குகிற கதவுகளைப்பற்றி அதில் வருகிறது. தாங்கள் அசடுகள் என்று ஜனங்கள் தாமாகவே முடிவு கட்டிக்கொள்கிறார்கள் என்று அவரும் கவனித்திருக்கிறார்.

இப்படியெல்லாம் செய்யத்தான் முடியும், வேறு வழி இல்லை என்று யாராவது சொன்னால், அவரைக் குற்றாலத்துக்கு அழைத்துப்போவேன். பேரருவியின் குறுக்கே ஒரு வளைவு கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் அதற்கு உள்ளே விழுந்தால் குளிக்கலாம். வளைவைத் தாண்டிக் கொட்டினால் ஆபத்து, குளிக்கக் கூடாது. திருநெல்வேலிக்காரருக்கும் கேரளத்திலிருந்து வந்தவருக்கும் எழுத்தே தெரியாதவருக்கும் ஒரே பார்வையில் விளங்கும். அது எதையும் படிக்கச் சொல்வதில்லை.

அரசாங்கமும் ஒரு காரியத்தில் இந்தக் கண்ணை நினைத்துப் பார்த்திருக்கிறது. 1951-52இல் முதல் பொதுத் தேர்தல் நடந்தபோது வாக்காளர்கள் பதினேழு கோடிக்கு மேல். பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. படித்தவர்களுக்கு மட்டும் வாக்கு என்று சொல்லியிருக்கலாம். சொல்லச் சொன்னவர்களும் உண்டு. அதற்குப் பதிலாக ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு பெட்டி, பெட்டியின்மேல் ஒரு சின்னம் என்று வைத்தார்கள். சீட்டில் எதுவும் எழுதவேண்டாம். வேண்டியவர் பெட்டியில் போட்டால் போதும். 1962 பொதுத் தேர்தலில் எல்லாச் சின்னங்களும் ஒரே சீட்டில் வந்தன, முத்திரை குத்தும் முறையும் வந்தது. அந்த முத்திரையின் குறியைக்கூட இடவலம் தெரியும்படி அமைத்தார்கள். சீட்டை மடிக்கும்போது மை மறுபக்கம் ஒட்டினால் அது கண்ணாடியில் தெரிவதுபோல் புரண்டு விழும். எது குத்தினது, எது ஒட்டினது என்று எண்ணுகிறவர் கண்டுகொள்ளலாம். கை நடுங்கிச் சீட்டை அவசரமாக மடிக்கிற ஒரு கிழவியை யாரோ எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்.

தேர்தல் கமிஷனில் எம். எஸ். சேத்தி என்று ஒரு சித்திரக்காரர் இருந்தார். 1992இல் ஓய்வு பெற்றார். வீட்டில் புழங்குகிற சீப்பு, கோப்பை போன்ற சாமான்களை யோசித்து யோசித்து, பென்சிலால் வரைந்தவர் அவர். ஓவியக் கண்காட்சி எதிலும் அவர் படங்களை மாட்டியதாகத் தெரியவில்லை. ஆனால் கோடிக்கணக்கானவர்கள் பார்த்து அடையாளம் கண்ட கோடுகள் அவை. பிறகு இயந்திரம் வந்தது. 1982இல் கேரளத்துப் பரவூரில் முதலில் வைத்துப் பார்த்தார்கள். அதன் வெளி உருவத்தை வகுத்ததில் பம்பாய் ஐ.ஐ.டி.யின் வடிவமைப்புப் பேராசிரியர்கள் ஏ. ஜி. ராவுக்கும் ரவி பூவய்யாவுக்கும் பங்கு உண்டு. தமிழ்நாட்டில் 2001 சட்டமன்றத் தேர்தல் முழுவதும் அதில்தான் நடந்தது. உள்ளே அது யோக்கியமாக எண்ணுகிறதா என்ற வழக்கு வேறு. அது சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போன சங்கதி. நான் பேசுவது அதன் முகத்தைப்பற்றி.

2024 ஏப்ரல் 19ஆம் தேதி அத்தை வாக்களிக்கப் போனாள். நான் வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். உள்ளே போய் உதவி செய்ய எனக்கு அனுமதி கிடையாது. மார்ச் மாதத்துச் சம்பவம் மனசில் இருந்ததால் கொஞ்சம் கவலையாகவே இருந்தது. ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டாள். முகத்தில் ஒரு வெற்றி.

"பேரு, படம், சின்னம், பொத்தான், எல்லாம் ஒரே கோட்டுல இருக்கு. அமுக்கினேன். செவப்பு வெளக்கு எரிஞ்சுது. கீன்னு சத்தம் கேட்டுது. பக்கத்துப் பெட்டியில எஞ்சின்னமே சீட்டுல வந்து நின்னுது பாத்துக்கோ. அம்புட்டுதான்" என்றாள். சின்னம் எதுவென்று நான் கேட்கவில்லை, கேட்டாலும் சொல்லியிருக்கமாட்டாள்.

அந்தச் சீட்டு ஏழு விநாடி நின்று பிறகு விழுகிறது. கண் தெரியாதவர்களுக்குப் பொத்தானுக்குப் பக்கத்தில் தொட்டுப் படிக்கும் எழுத்து இருக்கிறது. எழுத்தும் பொத்தானும் ஒரே தளத்தில் இருப்பதால் உயரமானவனுக்கும் குட்டையானவளுக்கும் அது ஒன்றுபோலவே தெரிகிறது. அமுக்கியது அமுங்கியதா என்று கண்ணுக்கு ஒரு பதில், காதுக்கு ஒரு பதில். அதே நாடு, அதே அத்தை, அதே கண். ஒரு மாத இடைவெளி. ஆளைத் தேர்ந்தெடுக்கிற காரியத்தில் அவள் புத்திசாலி. தன் பணத்தைத் தானே எடுக்கிற காரியத்தில் அசடு. அவளிடம் நாம் கேட்டுப் பெறவேண்டியது ஒன்று இருந்தபோது அவள் கண்ணைப்பற்றி யோசித்தோம். அவள் நம்மிடம் கேட்டுப் பெறவேண்டி வந்தபோது யோசிக்கவில்லை என்று சொன்னால் கடுமையாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் எனக்குத் தோன்றுகிறது.

நல்ல மனசு இருந்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்லத் துணியமாட்டேன். 2000ஆம் வருஷம் நவம்பரில் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல். புளோரிடாவில் பாம் பீச் என்ற ஜில்லாவில் வயதானவர்கள் அதிகம். அவர்கள் கண்ணுக்குச் சிரமம் கூடாது என்று தேர்தல் அதிகாரி எழுத்தைப் பெரிதாக்கினார். எழுத்துப் பெரிதானதால் பெயர்கள் ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. இடது பக்கம் சில, வலது பக்கம் சில, நடுவில் துளைகள் என்று அமைத்தார். இடப்பக்கத்தில் இரண்டாவதாக இருந்தது கோர் பெயர். அவருக்கு உரியதோ மூன்றாவது துளை. இரண்டாவது துளை வலப்பக்கத்து புக்கானனுக்கு. அந்த ஜில்லாவில் புக்கானனுக்கு 3,400க்கு மேல் வாக்குகள் விழுந்தன. அவ்வளவு எனக்கு வர நியாயமில்லையே என்று அவருக்கே ஆச்சரியம். மாகாணம் முழுவதிலும் வெற்றி தோல்வி 537 வாக்கில் முடிந்தது. கிழவர்கள்மேல் இரக்கப்பட்டுச் செய்த காரியம் உலகத்தின் போக்கையே மாற்றியது என்று சொன்னால் மிகையாகாது. இரக்கப்பட்டவர் அந்தச் சீட்டை நாலு கிழவர்கள் கையில் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கவேண்டும். நானும் அத்தைமேல் பிரியமாகத்தான் இருந்தேன். குனிந்து பார்க்கும்வரை எனக்கும் தெரியவில்லை.

இதுவரை சொன்னது கண்ணை அறியாதவர்கள் செய்த பிழை. கண்ணை நன்றாக அறிந்தவர்களும் இருக்கிறார்கள். சமீபத்தில் கைப்பேசியில் ஒரு பிரயாணச் சீட்டு வாங்கினேன். நான் கேளாத இன்ஷூரன்ஸ் ஒன்று கணக்கில் ஏறியிருந்தது. வேண்டும் என்ற கட்டம் பச்சைப் பசேலென்று கை நீளத்துக்கு இருந்தது. வேண்டாம் என்பது சாம்பல் நிறத்தில், எறும்பு அளவில், மூலையில். கிட்டத்தில் இருக்கிற பெரிய குறியைக் கை சீக்கிரம் தொடும் என்று ஃபிட்ஸ் கண்ட கணக்கு அங்கே ஒரு ஜேப்படிக்காரனுக்கு உதவிக்கொண்டிருந்தது. அந்த எறும்பு எழுத்தை மூக்குக்கண்ணாடி போட்டுப் படித்தேன். 'வேண்டாம், பாதுகாப்பில்லாமலே போகிறேன்' என்று எழுதியிருந்தது. என் வாயாலேயே என்னை மூடன் என்று சொல்லவைக்கிறார்கள்!

ஹாரி பிரிக்னல் என்ற ஆங்கிலேயர் 2010இல் இவற்றுக்கு இருண்ட யுக்திகள் என்று பெயர் வைத்தார். நம் நாட்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30ஆம் தேதி பதின்மூன்று வகைகளைக் குறிப்பிட்டு, இவை கூடாது என்று நெறிமுறை வெளியிட்டது. பொய்யாக அவசரப்படுத்துவது, கூடையில் தெரியாமல் சாமான் திணிப்பது, சந்தாவில் மாட்டிவிட்டு வெளியே வரும் வழியை ஒளித்துவைப்பது எல்லாம் அதில் உண்டு. மறுக்கிறவனை வெட்கப்படவைப்பது என்பதும் ஒரு வகை. வெட்கத்தை ஒரு திருட்டுச் சாவியாக அரசாங்கமே பட்டியலில் சேர்த்ததைப் படித்தபோது எனக்கு அத்தை ஞாபகம்தான் வந்தது.

அறியாமல் செய்தவனைவிட அறிந்து செய்தவன் பாவம் பெரிது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் 1943இல் ஒரு ரப்பர் சக்கரத்தால் தீர்ந்த விஷயத்தை எண்பது வருஷத்துக்குப் பிறகும் அறியமாட்டேன் என்கிறவன் எந்தப் பக்கத்தில் நிற்கிறான் என்று எனக்குச் சரியாகப் புலப்படவில்லை. அறிந்துகொள்வது அவன் கடமையாக இருந்து, அறியாமல் இருப்பது அவனுக்குச் சௌகரியமாகவும் இருந்தால், அது அறியாமைதானா?

அத்தை வீட்டில் அடுக்களைக்குப் போகிற நிலை மிகவும் தணிவு. அவள் மாமியார் காலத்து வீடு. எல்லோரும் அத்தை உயரம்தான். எனக்குப் பதினாறு வயதில் திடீரென்று உடம்பு நீண்டது. கோடை விடுமுறைக்குப் போனபோது அந்த நிலையில் நான் நெற்றியை இடித்துக்கொள்ளாத நாள் இல்லை. "பாத்து வாயேம்ல" என்று இரண்டு நாள் ஏசினாள். மூன்றாம் நாள் காலையில் பார்த்தால், பழைய புடவைத் துண்டைத் தலையணை மாதிரிச் சுருட்டி நிலையின்மேல் கயிற்றால் கட்டியிருந்தாள். நான் வளர்ந்தது என் தப்பு என்று அப்புறம் ஒரு நாளும் அவள் சொன்னதில்லை. துணி மாறி மாறி வந்திருக்கிறது. இன்றைக்கும் அங்கே ஒன்று கட்டியிருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே அதன்கீழ் குனிந்து போய்த்தான், மார்ச் மாதம் அன்று மத்தியானம், அவள் போட்ட சோற்றைச் சாப்பிட்டேன். அதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் அவளிடம், கண் முன்னால் இருப்பதைப் பார்த்து அமுக்க முடியாதா என்று கேட்டிருந்தேன்.

இயந்திரத்தின் ரகசியத்தை நான் கண்டுபிடித்துச் சொன்னபோது அவள் முதலில் நம்பவில்லை. "மிசினு பொய் சொல்லுமா?" என்றாள். "பொய் இல்லை, அத்தை. உங்க உயரத்துக்கு ஒரு வரி தள்ளித் தெரியுது. நீங்க பாக்குற பொத்தானுக்கு மேல இருக்கிறதை அமுக்குங்க" என்று யோசனை சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "அப்போ எங்கண்ணு பாக்குறதை நான் நம்பக்கூடாதுன்னு சொல்லுத" என்றாள்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மே மாதம் நான் போனபோது என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள். கையில் ஒரு துணிப்பை. இயந்திரத்தின் முன்னால் போனதும் பையிலிருந்து ஒரு மணையை எடுத்துக் கீழே போட்டாள். என் கல்யாணத்துக்கு நான் உட்கார்ந்த மணை, நல்ல கனம். என் தோளைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் ஏறி நின்றாள். எழுபத்தெட்டு வயதில் இது என்ன வித்தை என்று எனக்குப் பகீரென்றது. தமிழை அமுக்கினாள். தமிழ் வந்தது. ரகசிய எண்ணைச் சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு போட்டாள், எனக்கும் தெரியாமல். பணம் வந்தது. அங்கேயே நின்று இரண்டு தரம் எண்ணினாள்.

இறங்கி மணையைப் பைக்குள் வைக்கும்போது, வரிசையில் அடுத்து நின்ற கல்லூரிப் பெண் ஒருத்தி, உயரம் அத்தையளவுகூட இருக்கமாட்டாள், கொஞ்சம் தயங்கிவிட்டு, "பாட்டி, அதை ஒரு நிமிஷம் தருவீங்களா?" என்று கேட்டாள்.